முன்னால போறவன்

கையா? இதக் கேக்காம யாரும் என் பக்கத்துல உக்காந்ததே இல்ல அண்ணாச்சி. ஏர்போர்ட்டுல கேட்டாவ, ஆட்டோக்காரன் கேட்டான், நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்துதவன் கிளாஸக் கையில வச்சிக்கிட்டே கேட்டான். எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஏணியில நின்னு ஏசி டக்ட் மாட்டிட்டு இருந்தேன், ஏணி சறுக்கிட்டு. வீட்டுக்காரிட்டயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன். நீங்க திசையன்விளையில எறங்கிருவிய. எங்க ஞானசெல்விய நீங்க இந்த ஜென்மத்துல பாக்கப் போறதில்ல. அதனால ஒங்ககிட்ட உள்ளதச் சொல்லிருதேன்.

ஏணியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாம் ஒரு பொள்ளாச்சிக்காரப் பயலால வந்தது.

பேரு நந்தகோபால். நல்ல பையன்தான். அத முதல்லயே சொல்லிருதேன், இல்லன்னா நான் என்னமோ பொறாமையில பேசுதேன்னு நெனச்சிருவிய. எனக்கு யாரு மேலயும் பொறாம கிடையாது. கர்த்தர் சாட்சி. எங்க ஊர்ல யார வேணும்னாலும் கேளுங்க, பொன்சிங் எப்படின்னு. மெஞ்ஞானபுரத்துல என்னயத் தெரியாத ஆள் கிடையாது.

நான் சார்ஜாவுல இருக்கேன். ஏசி வேல, ஃபோர்மேன். தாவீதுன்னு ஒருத்தன் என் கூட்டாளி. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. திசையன்விளை தாண்டினா தேரி வரும்லா, செம்மண் மேடு மேடா? அதுல சின்னதுல ரெண்டு பேரும் பனமட்டையில உக்காந்து சறுக்கிட்டு வருவோம். நான் முன்னால, அவன் என் இடுப்பப் புடிச்சிக்கிட்டுப் பின்னால. ஒரு தடவகூட அவன் முன்னால உக்காரேன்னு கேட்டது கிடையாது. கேக்கவும் தோணாது அவனுக்கு. அவன சார்ஜாவுக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான், பாத்துக்கிடுங்க.

அங்க போயும் எங்களுக்கு மண்ணு விடல. இங்க செவப்பு, அங்க மஞ்ச, அவ்வளவுதான் வித்தியாசம். டர்ட் பைக்குன்னு ஒரு வண்டி, நீங்க பாத்திருக்க மாட்டிய. லைட்டு கிடையாது, ஹாரன் கிடையாது, குதிர உயரத்துக்கு இருக்கும், டயர்ல பல்லு பல்லா இருக்கும். மணல்ல ஓட்டதுக்குன்னே செஞ்சது. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பழைய வண்டிய வாங்கினோம். குளிர்காலம் வந்துட்டுன்னா வெள்ளிக்கிழம காலையில கிளம்பிருவோம். மேலப்பாளையத்துக்காரர் கபூர் பாய்னு ஒருத்தர், கஃபேட்டீரியா வச்சிருக்காரு, அவரு பிக்கப்புல ரெண்டு வண்டியையும் ஏத்திருவாரு. அவரு ஓட்ட மாட்டாரு. கீழ பாய விரிச்சி, பொரோட்டாவும் சால்னாவும் வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நாங்க போய்ட்டு வந்தா கட்டன் சாயா ஊத்தித் தருவாரு. இதுதான் எங்க கூட்டம். மூணு பேரு. மூணே பேரு போதும்.

அதுல ஒரு முற இருக்கு. சொல்லிருதேன், இல்லன்னா ஒங்களுக்கு வெளங்காது.

மணல் மேடு இருக்குல்லா, இந்தப் பக்கம் பைய ஏறும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உச்சிக்குப் போனாத்தான் தெரியும். சில மேடு அங்கயும் பைய எறங்கும். சில மேடு காத்து அரிச்சிப்போட்டு, கிணத்துச் சுவர் மாதிரி நெட்டுக்க எறங்கும். ஏறுத வேகத்துல அப்படியே போனா ஆளும் வண்டியும் அந்தரத்துலதான். அதனால முன்னால போறவன் உச்சியில வண்டிய நிறுத்தணும். எட்டிப் பாக்கணும். சரியா இருந்தா ஒரு கையத் தூக்கணும். அதப் பாத்த பொறவுதான் பின்னால உள்ளவன் ஏறணும். சரியில்லன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வைக்கணும். வராதன்னு அர்த்தம். இது நான் போட்ட சட்டம். இன்னொண்ணு கபூர் பாய் போட்டது, ஒத்தையில ஒருத்தனும் மணல்ல ஏறக்கூடாது. விழுந்து கிடந்தா பக்கத்துல நிக்கவனுக்கே தெரியாது, மேடு மறைச்சிரும். வெயிலு ஏறினா முடிஞ்சிது கத.

ஆறு வருசம் நான்தான் முன்னால. தாவீது பின்னால. என் டயர் போன தடத்துலயே அவன் டயர் வரும், ஒரு விரக்கட அங்க இங்க போகாது. கபூர் பாய் கீழ இருந்து பாத்துட்டு, "என்னவே, ரெண்டு பேரு போனிய, ஒரு தடம்தான் கிடக்கு"ம்பாரு. அதக் கேக்கதுக்காகவே நான் போவேன் அண்ணாச்சி. வேலைக்கு நூறு பேரு என் கீழ இருக்கான், ஒருத்தனும் நம்ம சொல்லுதத ஒழுங்காக் கேக்க மாட்டான். வீட்டுல அவ கேக்க மாட்டா. இந்த ஒருத்தன் நான் கையத் தூக்கினா கண்ண மூடிக்கிட்டு வருவான். அது எவ்வளவு பெரிய விசயம்னு சொல்லுங்க.

இப்படி இருக்கையிலதான் அவன் வந்தான். தாவீது ரூமுக்குப் புதுசா வந்த ஆளு. சின்னப் பையன், முப்பது இருக்கும். ஊர்ல பைக்கு ரேஸு எல்லாம் ஓட்டிருக்கானாம். "மக்கா, பாவம்லே, வெள்ளிக்கிழம ரூம்ல மோட்டப் பாத்துக்கிட்டு கிடக்கான், கூட்டிட்டு வரட்டா?"ன்னு தாவீது கேட்டான். நான்தான் கூட்டிட்டு வாலேன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். என் வாயில கொள்ளிய வைக்க.

அடுத்த வாரமே சொந்தமா ஒரு வண்டியோட வந்து நிக்கான். வந்ததும் என் காலத் தொடாத குறையா, "வணக்கமுங்ண்ணா, தாவீதண்ணன் ஒங்களப் பத்தி நெறையச் சொல்லிருக்காருங்"ங்கான். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சி. தாவீதண்ணனாம். வந்து ஒரு வாரத்துல அண்ணன்.

மணல்ல ஏறதுக்கு முன்னால டயர்ல காத்த எறக்கணும், அப்பத்தான் புதையாது. அது என் வேல. எல்லா வண்டிக்கும் நான்தான் எறக்குவேன், கட்டவிரல வச்சி அமுக்கிப் பாத்தே சொல்லிருவேன் எவ்வளவு இருக்குன்னு. அவன் வண்டிக்கும் எறக்கிவிட்டேன். அந்தப் பய பைக்குள்ள இருந்து சின்ன மீட்டர எடுக்கான். வச்சிப் பாத்துட்டு, "அண்ணா, தப்பா நெனைக்காதீங், இன்னுங் கொஞ்சம் எறக்குனா நல்லா இருக்குமுங்"ங்கான். என் கைக்கு மேல ஒரு மீட்டரா? சிரிச்சேன். தாவீது என்ன செய்தான் தெரியுமா? குனிஞ்சி அந்த மீட்டர வாங்கி, தன் வண்டிக்கும் வச்சிப் பாக்கான். ஆறு வருசம் என் கட்டவிரல்ல ஓடின வண்டி.

அன்னிக்கு வண்டி லேசா நல்லாத்தான் போச்சி. அதுக்கு மணல் காஞ்சி கிடந்தது காரணமா இருக்கும்.

அவன் நல்லா ஓட்டுவான், இல்லன்னு சொல்ல மாட்டேன். நின்னுக்கிட்டே ஓட்டுவான், குண்டிய சீட்டுல வைக்கவே மாட்டான். கபூர் பாய் சாயாவ ஊத்தாம கையில வச்சிக்கிட்டுப் பாத்துட்டு நிக்காரு. "ஏ, எப்படிப் போறான் பாருவே"ன்னு என்கிட்டயே சொல்லுதாரு. நாம ஆறு வருசமா போறோம், ஒரு நாள் எழுந்திரிச்சி நின்னு பாத்திருக்காரா மனுசன்?

சரி, ஓட்டட்டும். ஓட்டுததுக்குத்தானே வந்திருக்கான். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. என்ன உறுத்தினது வேற. தாவீது இருக்கான்லா, அவன் பேச்சு மாறிட்டு. ஒரு நாளு போன் பண்ணுதேன், எடுத்ததும் "சொல்லுங்"ங்கான். லேய், யாருட்டலே பேசுத? "சும்மா மக்கா, நந்து கூடப் பேசிப் பேசி தொத்திக்கிட்டு"ன்னு சிரிக்கான். மெஞ்ஞானபுரத்துக்காரன் ஏனுங்க, வாங்கன்னு பேசுதான் அண்ணாச்சி! இது அடுக்குமா? அவன் அப்பா கேட்டிருந்தா செவுள்ளயே ஒண்ணு வச்சிருப்பாரு.

பொறவு இந்தக் கண்ணாடி. மண்ணு கண்ணுல விழாம மாட்டுத பெரிய கண்ணாடி. கிளம்புததுக்கு முன்னால தாவீது என் கண்ணாடிய வாங்கி, பனியன் நுனியால தொடச்சித் தருவான். நான் கேட்டது கிடையாது, அவனா செய்வான். அன்னிக்கும் தொடச்சித் தந்தான், சரி. தந்துட்டு, திரும்பி நந்து கண்ணாடியையும் வாங்கித் தொடைக்கான். அதே பனியன், அதே நுனி. எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. பசி. காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருந்தேன்.

என்ன சிரிக்கிய?

அதுக்குப் பொறவு ஒரு வெள்ளிக்கிழம. நான் முன்னால, தாவீது நடுவுல, அவன் கடசி. ரெண்டு மேடு ஏறியாச்சி. மூணாவது மேட்டு உச்சியில போய் நின்னேன். பின்னால திரும்பிப் பாக்கேன். தாண்டி வந்த மேட்டுல என் தடம் தனியாக் கிடக்கு அண்ணாச்சி. தாவீதோட தடம் பக்கத்துல வேற வழியா வளஞ்சி போகுது. அந்த வழி யாரு காட்டின வழி? முந்துன வாரம் நந்து போன வழி. "அண்ணா, இப்படிச் சாஞ்சாப்ல வந்தா ஏறுறது சுலுவுங்"ன்னு அவன் சொல்லிக் குடுத்தது. அப்படியே வந்திருக்கான். ரெண்டு பேரும் கீழ நின்னு என்னமோ பேசிச் சிரிக்காவ. எனக்கு இங்க கேக்கல. என்னதான் பேசுதாவன்னு பாத்துக்கிட்டே நின்னேன், பாத்துக்கிட்டே கையத் தூக்கினேன்.

தாவீது வந்தான். என்னயத் தாண்டிப் போனான். அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டு இருந்திருக்கு.

பெருசா ஒண்ணும் இல்ல. முன்பல்லு பாதி போச்சி. ஒதட்டுல மூணு தையல். இதெல்லாம் மணல்ல சகஜம். எட்டிப் பாத்தியான்னு கபூர் பாய் கேட்டாரு. எட்டிப் பாக்காம தூக்குவனா? மணல்ல வெளிச்சம் அப்படி, பள்ளமும் மேடும் ஒண்ணாத் தெரியும். தாவீது ரத்தத்தத் துப்பிட்டு, "விடுங்க பாய், அவன் வேணும்னா செய்தான்?"னான். அதான் எங்க தாவீது. அந்தப் பொள்ளாச்சிதான் என்னயவே பாத்துக்கிட்டு நின்னான். என்ன பார்வ அது?

லிவான்னு ஒரு இடம் உண்டு, கேள்விப்பட்டிருக்க மாட்டிய. அபுதாபி தாண்டி உள்ள போகணும். அங்க உள்ள மேடுதான் மேடு. நாங்க ஓட்டுததெல்லாம் அதுக்கு முன்னால பிள்ளைய வெளாடுத மண்ணு. ஒரு நாள் லிவா போறோம்லேன்னு நானும் தாவீதும் வருசா வருசம் பேசுவோம். நான் முன்னால ஏறணும், உச்சியில நின்னு கையத் தூக்கணும், அவன் வரணும், ரெண்டு பேரும் அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பணும். இவ்வளவுதான் என் ஆச. இந்த வருசம் எல்லாருக்கும் சேந்தாப்புல லீவு வந்துது. கிளம்புததுக்கு முன்னால தாவீது என் ரூமுக்கு வந்தான். பாதிப் பல்லோட கட்டில்ல உக்காந்துக்கிட்டு தரையப் பாக்கான்.

"மக்கா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?"

"சொல்லுலே."

"லிவால நந்து முன்னால போகட்டும்டே. நீ கடசியா வா. கடசியா வாரவனுக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தி."

கடசியா வாரவனுக்குப் பொறுப்பாம்! யாருட்டச் சொல்லுதான் பாருங்க. அந்த சட்டமெல்லாம் போட்டவன்கிட்ட. நான் கேட்டேன், "இது நீ சொல்லுதியா, அவன் சொல்லச் சொன்னானா?" நான்தான் சொல்லுதேன்னான். எனக்குத் தெரியாதா? ரூம்ல ஒண்ணாக் கிடக்கானுவ, ராவெல்லாம் ஓதிருப்பான். சரிலே, போகட்டும்னேன். எனக்கென்ன? முன்னால போனா என்ன, பின்னால போனா என்ன, மண்ணு ஒண்ணுதானே. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

லிவா போனோம். கர்த்தாவே, அந்த மேட்டப் பாக்கணுமே. அண்ணாந்து பாத்தா தொப்பி விழும். நான் ஜெபம் பண்ணினேன், கபூர் பாய் பிஸ்மில்லா சொன்னாரு, அந்தப் பய வண்டிக்குத் திருநீறு பூசினான். என் வண்டிக்கும் பூச வந்தான், நான் தள்ளி நின்னுக்கிட்டேன். கிளம்பினோம். நந்து முன்னால. தாவீது நடுவுல. நான் கடசி.

ஆறு வருசத்துல நான் தாவீதோட முதுகப் பாத்து வண்டி ஓட்டினதே கிடையாது அண்ணாச்சி. என் முதுகத்தான் அவன் பாத்திருக்கான். அன்னிக்குத்தான் தெரியும், கொஞ்சம் கூன் போட்டு ஓட்டுவான். பாத்துக்கிட்டே போறேன். அவன் டயர் எங்க போகுதுன்னும் பாக்கேன். நந்து தடத்துல. அச்சு மாறாம. ஒரு விரக்கட தள்ளல. பல்லு போன பயலுக்கு அம்புட்டு நம்பிக்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. கண்ணாடி உள்ளுக்குள்ள ஆவி அடிச்சிட்டு.

பெரிய மேடு ஒண்ணு. நந்து உச்சியில போய் நின்னான். வண்டிய நிறுத்தி, எறங்கி, நடந்து போய் எட்டிப் பாத்தான். என்ன அலப்பற! திரும்பினான். ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வச்சான். தாவீது அப்படியே நின்னுட்டான். மேட்டு அடியில, சொன்ன சொல் தட்டாம நின்னுட்டான். எனக்கு நிப்பான் அப்படி. எனக்கு மட்டும்தான் நிப்பான்.

நான் நிக்கல.

நான் பாத்தேன், அவன் கை தெரிஞ்சிது, இல்லன்னு சொல்லல. ஆனா சட்டம் யாரு போட்டது? எனக்கே கை காட்டுதியா நீ? முறுக்கினேன். தாவீதத் தாண்டினேன். "லேய், மக்கா, லேய்!"னு அவன் கத்தினது கேட்டுது. நந்து கைய வீசிக்கிட்டு என் குறுக்க ஓடி வந்தான், அவனையும் வெட்டித் தாண்டினேன். அந்தப் பக்கம் எறக்கம் இருக்கும், நான் எறங்கிக் கீழ நின்னு கையத் தூக்குவேன், தாவீது என் தடத்துல வருவான். அவ்வளவுதான் நெனச்சேன்.

எறக்கம் இல்ல. ஒண்ணுமே இல்ல.

தோள்பட்ட எலும்பு ரெண்டு துண்டு. விலா ஒண்ணு கீறல். வண்டி முன்பக்கம் வளஞ்சிட்டு. எல்லாரும் என்னயத் திட்டுதாவ, ஆனா ஒண்ணு கேக்கேன், அவன் ஒழுங்கா ஒரு ஓரமா நின்னு கை காட்டிருந்தா நான் ஏன் வெட்டித் தாண்டணும்? நேராப் போயிருந்தா அங்கன கொஞ்சம் சாய்வா இருந்துதாம். கபூர் பாயே பொறவு சொன்னாரு.

தாவீது சறுக்கிக்கிட்டே கீழ வந்தான். என் தலையத் தூக்கி மடியில வச்சிக்கிட்டான். ஓன்னு அழுதான், பாதிப் பல்லு தெரிய. "நீ போயிருந்தா நான் ஊர்ல ஞானசெல்வி முகத்துல எப்படிலே முழிப்பேன்"ன்னு கேட்டான். ஆசுபத்திரி வரைக்கும் பிக்கப்புல என் தல அவன் மடியிலதான். ஆனா வண்டிய ஓட்டினது யாரு? நந்து. "பைய போடா, பள்ளம் வருது நந்து, எடது பக்கம் ஒடி நந்து"ன்னு வழியெல்லாம் அவன்கிட்டதான் பேசிட்டு வந்தான். நான் மடியில கிடக்கேன், பேச்சு அங்க.

நான் படுத்திருந்த எல்லா நாளும் தாவீது வந்தான். கஞ்சி ஊட்டினான், சட்ட மாட்டிவிட்டான், ஒண்ணுக்குக்கூடக் கூட்டிட்டுப் போனான். ஒரு நாளு அவன் இல்லாத நேரமாப் பாத்து நந்து வந்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும். என்னமோ இவன் பெரிய இவன். "வலி எப்படிங்ண்ணா இருக்குது?" நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவன் போகல, நிக்கான். அப்பம் ஒண்ணு சொன்னேன். "தம்பி, நீ வாரதுக்கு முன்னால எங்க மூணு பேருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது கிடையாது. நீ வந்த பொறவுதான் அவன் பல்லு போச்சி, என் எலும்பு போச்சி. நீ ஆகாதுப்பா எங்களுக்கு." உள்ளதத்தானே சொன்னேன்? "சரிங்கண்ணா"ன்னான். பைய மேசையில வச்சிட்டுப் போயிட்டான். அன்னிக்கே போன்ல அவன பிளாக் பண்ணிட்டேன். ஹார்லிக்ஸ நர்சுக்குக் குடுத்துட்டேன். ஆப்பிள் மட்டும் தின்னேன், கெட்டுப்போகும்.

இப்ப எலும்பு ஒட்டுத வரைக்கும் ஊர்ல இருன்னு அனுப்பிருக்காவ. இதான் கத.

இன்னிக்கு வெள்ளிக்கிழமல்லா? போயிருப்பானுவ ரெண்டு பேரும். அவன் முன்னால, இவன் பின்னால. போகட்டும். நல்லாப் போகட்டும்.

போன் அதிருது பாருங்க. சட்டப் பைல. கொஞ்சம் எடுங்களேன் அண்ணாச்சி, எனக்கு ஒத்தக் கை. யாரு? கபூர் பாயா? போட்டோவா? இருங்க, கண்ணாடி பெட்டியில கிடக்கு, எனக்குச் சரியாத் தெரியாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க. மணல் மேடா? ம். கீழ இருந்து எடுத்திருப்பாரு, அது அவரு பழக்கம். அதுல டயர் தடம் தெரியுதா? எத்தன தடம்?

ஒண்ணா?

நல்லாப் பாருங்க. விரல வச்சி பெருசாக்கிப் பாருங்க. ஒண்ணுதானா? பக்கத்துல லேசாக்கூட இல்லியா?

சரி. அப்ப ஒரே தடம். அச்சு மாறாம. ஆறு வருசம் என் தடத்துல வந்தவன், நான் ஊர் வந்து சேரல, அதுக்குள்ள. ஒரு வாரம் சும்மா இருந்தா என்ன இவனுக்கு? ஒரு வாரம்? நாய்கூட எசமான் போன பொறவு ரெண்டு நாள் வாசல்ல கிடக்கும்யா. எனக்கு வேணும். இவனக் கூட்டிட்டு வாலேன்னு சொன்ன இந்த வாய்க்கு வேணும்.

என்ன, இன்னொண்ணு வந்திருக்கா? தாவீதா? பேசி அனுப்பிருக்கானா? போடுங்க. சத்தமாப் போடுங்க, யாரு கேட்டா என்ன.

கேட்டியளா? திருப்பிப் போடுங்க, பஸ்ஸு சத்தத்துல வெளங்கல. காதுகிட்ட வைங்க.

"மக்கா, ஊர் போய்ச் சேந்தியாடே? நந்து வரல. இனிமே வர மாட்டானாம், வண்டிய யாருக்கோ குடுத்துட்டான். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். நான் ஒத்தையிலதான் ஏறினேன். பாய் வேண்டாம்னு சொன்னாரு, கேக்கல. உச்சியில போய்த் திரும்பிப் பாத்தேன்லே. முன்னாலயும் யாரும் இல்ல, பின்னாலயும் யாரும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சி. அடுத்த வாரமும் போவேன்."

ஒத்தையிலயா?

ஒத்தையில ஏறினானா? கூறு கெட்ட மூதி, ஒத்தையில ஏறிருக்கான் அண்ணாச்சி! அவனுக்கு எட்டிப் பாக்கவே தெரியாது. ஆறு வருசமா ஒரு மேட்டுலகூட அவன் எட்டிப் பாத்தது இல்ல, நான்தானே பாத்துச் சொல்லுவேன், அவன் வருவான். அந்தப் பக்கம் வெட்டா இருந்தா? விழுந்து கிடந்தா பாய்க்குத் தெரியுமா கீழ இருந்து? நல்லாத்தான் இருந்துச்சாம். அந்தக் குரலப் பாத்தியளா? நல்லா இருக்கவன் குரலா அது? அடுத்த வாரமும் போவானாம். யாரு கையத் தூக்குவா இவனுக்கு? யாரு?

திசையன்விளை வந்துட்டா? கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம் நிறுத்துப்பா, அண்ணாச்சி எறங்குவாரு, ஒரே நிமிசம். அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், இந்த பிளாக் பண்ணத எடுக்கது எப்படி? நந்தகோபால்னு இருக்காது, பொள்ளாச்சின்னு போட்டிருப்பேன். ஆமா, அதான். எடுத்துட்டியளா? இனி நான் சொல்லுதத அடிங்க, எனக்கு ஒத்தக் கையில அடிச்சி முடியாது.

நந்து, நான் பொன்சிங். தாவீது ஒத்தையில ஏறிட்டு இருக்கான். அடுத்த வெள்ளிக்கிழம நீ போ. ஒன் வண்டி இல்லன்னா என் வண்டிய எடு, பாய் ஷெட்டுல சரி பண்ணிக் கிடக்கு. காத்த ஒன் மீட்டர் வச்சே எறக்கு. நீ முன்னால போ. எட்டிப் பாத்துட்டுக் கையத் தூக்கு.

அடிச்சாச்சா? இருங்க, இருங்க, அனுப்பிராதிய. இன்னும் ஒண்ணு இருக்கு.

நான் வர்ற வரைக்கும்தான். அதையும் சேத்து அடிங்க அண்ணாச்சி.